கெஞ்சி வாங்கிய குறட்டை

என் மனைவியின் பெயர் இன்ஷிராஹ். நெஞ்சு விரிதல், மூச்சு தாராளமாதல் என்று அதற்குப் பொருள். ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் அரபி இலக்கணம் நடத்திய வாத்தியார் நான், ஊருக்கெல்லாம் உஸ்தாத். ஒரு பெயர் தன்னைத் தாங்கியவரை இந்த அளவுக்குக் கேலி செய்ததை வேறெங்கும் பார்த்ததில்லை. படுத்த சிறிது நேரத்தில் அவள் தொண்டை அடைத்துக்கொள்ளும். குறட்டை ஓங்கி, மேலும் ஓங்கி, ஓர் இடத்தில் கத்தரித்தாற்போல் நின்றுவிடும். பிறகு சத்தமே இருக்காது. நெஞ்சு எழும்பித் தாழும், காற்று மட்டும் போகாது. நான் பக்கத்தில் படுத்தபடி காத்திருப்பேன். கடைசியில், மூக்கும் தொண்டையும் சேர்ந்து கிழிவதுபோல் ஒரு பேரொலியோடு மூச்சு திரும்பி வரும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. காலையில் எழுந்து, "என்ன உஸ்தாத், கண்ணெல்லாம் வீங்கியிருக்கு? ராத்திரி பூரா யாரோட இலக்கணத்தைத் திருத்திக்கிட்டிருந்தீங்க?" என்பாள்.

பகலில் தூக்கம் அவளைத் துரத்தும். தபால் நிலையத்தில் ஓய்வூதியம் கொடுக்கும் சன்னலில் அவளுக்கு வேலை. முத்திரையை மையில் தொட்டு, தாளுக்கு மேலே தூக்கி, அப்படியே தூங்கிவிடுவாள். வரிசையில் நிற்கும் கிழவர்கள் இதற்குப் பழகியிருந்தார்கள். யாராவது கண்ணாடியைத் தட்டுவார்கள். முத்திரை இறங்கும். "தூங்கலைப்பா, உன் மூஞ்சியை எங்கே பாத்தேன்னு யோசிச்சிக்கிட்டிருந்தேன்" என்பாள். அவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள்.

இதை நாங்கள் நோய் என்று நினைக்கவில்லை. அவள் சுபாவம் என்று விட்டுவிட்டோம். இதற்கு வைத்தியம் தேட வைத்தவர் தர்தீர் ஹாஜியார்.

அதைச் சொல்லும் முன் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் எகிப்தில் ஒருவர் முகத்துக்கு நேரே மூக்கால் காற்றை உள்ளிழுத்துத் தொண்டையில் உரசி ஓர் உறுமல் உறுமினால் அதற்கு ஷக்ரா என்று பெயர். அதைவிடப் பெரிய வசை எங்களிடம் கிடையாது. எதிரே இருப்பவரின் தாய், தகப்பன், தாடி, சொத்து அத்தனையையும் ஒரே இழுப்பில் தெருவில் கொண்டுவந்து போட்டுவிடும். ஆண்கள் செய்தாலே கைகலப்புதான். ஒரு குடும்பத்துப் பெண், அதுவும் சம்பந்தி வீட்டாரிடம் செய்தால் என்ன ஆகும் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. யாரும் செய்து பார்த்ததில்லை. இதில் இன்னொரு வேடிக்கை, குறட்டைக்கும் இந்த உறுமலுக்கும் எங்கள் மொழியில் ஒரே வினைச்சொல்தான். எத்தனையோ பிள்ளைகளுக்கு அந்த வினைச்சொல்லைப் பிரித்துக் காட்டியிருக்கிறேன். வகுப்பே கொல்லென்று சிரிக்கும்.

எங்களுக்கு மயாதா ஒரே மகள். மழலையர் பள்ளியில் ஆசிரியை. ஹைஸம் என்ற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனுக்கும் அவளை. அவன் தன் பெரியப்பா தர்தீர் ஹாஜியாரின் மரப்பட்டறையில் நாற்காலிகளுக்கு வடிவம் வரைந்துகொண்டிருந்தான். தகப்பன் இல்லாத பையன் என்பதால் ஹாஜியார் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம். அவர் செய்யும் தங்கமுலாம் பூசிய நாற்காலிகள் எங்கள் ஊரான தம்யாத்தில் பாதி வீடுகளின் வரவேற்பறையில் நிற்கின்றன. எங்கள் வீட்டிலும்தான்.

ஃபாத்திஹா ஓதி நிச்சயம் செய்ய அவர்கள் வந்தார்கள். ஹாஜியார், ஹைஸம், அவனுடைய தாய் ஃபவ்கிய்யா. இன்ஷிராஹ் காலையிலிருந்து அடுப்படியில் நின்றுவிட்டு வந்து மூலை நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் முகவாய் நெஞ்சைத் தொட்டது. கண்கள் மூடின. இது வழக்கம்தான் என்று நான் கண்டுகொள்ளவில்லை. ஹாஜியார் சர்பத் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"படுக்கையறை சாமான் எங்களது. சாப்பாட்டு மேசை எங்களது. பீங்கான் வைக்கிற கண்ணாடி அலமாரியும் நாங்களே செஞ்சு குடுத்துடுறோம், அதை நிரப்புறது உங்க பாடு. இதுக்கு மேல நாங்க எதையும் கேக்கப் போறதில்ல. ஏன்னா, பொண்ணுக்கும் வயசு ஏறிக்கிட்டே போகுது. வேற யாரும் வாசப்படி ஏறி வந்த மாதிரியும் தெரியல. ஏதோ நாங்கதான் பெரிய மனசு பண்ணி..."

அப்போது வந்தது அந்த ஒலி.

மூலை நாற்காலியிலிருந்து, நீளமாக, ஈரமாக, முடிவில் ஒரு சுழிப்போடு. சர்பத் தம்ளர் ஹாஜியாரின் மீசைக்கருகே நின்றது. ஃபவ்கிய்யா தன் மடியைப் பார்த்துக்கொண்டாள். ஹைஸம் மேல்கூரையைப் பார்த்தான். சிரிப்பை அடக்கினானா, உயிரை அடக்கினானா என்று சொல்ல முடியாது.

"யாரு அது?" என்றார் ஹாஜியார்.

"தூங்கிட்டா ஹாஜியார்!" நான் எழுந்தே நின்றுவிட்டேன். "வேலை அலுப்பு. தூக்கத்துல வர்ற சத்தம். சத்தியமா..."

"நான் செஞ்ச நாற்காலியில உக்காந்துக்கிட்டு எனக்கே ஷக்ராவா?"

இன்ஷிராஹ் கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் பார்த்தாள். "என்ன எல்லாரும் நிக்கிறீங்க? சர்பத்துல சீனி கம்மியா?" என்றாள்.

ஹாஜியார் தம்ளரைத் தட்டில் வைத்த வேகத்தில் மேசைக் கண்ணாடி அதிர்ந்தது. வாசலில் செருப்பை மாட்டும்போது ஹைஸம் திரும்பி மயாதாவைப் பார்த்தான். அவ்வளவுதான். ஃபாத்திஹா ஓதப்படவில்லை.

மயாதா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அழுது முடித்து வெளியே வந்தபோது அவள் முகத்தில் அழுகை இல்லை, விசாரணைதான் இருந்தது.

"அம்மா, நெசமாவே தூங்கிட்டியா?"

"பின்ன?"

"சத்தியமா?"

"உங்கப்பாவைக் கேளு. அவர்தானே முதல்ல எழுந்து நின்னு சாட்சி சொன்னாரு."

மயாதா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

"அப்படின்னா இது நோய். நோய்னா டாக்டர் இருக்காங்க. டாக்டர் பாத்து சொல்லட்டும், நாம ஹாஜியார்கிட்ட போய் நிப்போம். நான் அவனைத்தான் கட்டிக்குவேன். நீ பண்ணின சத்தத்துக்காக நான் கன்னியா செத்துப்போக முடியாது."

பக்கத்து வீடுகளிலிருந்து முதலில் வந்தது வைத்தியர்கள் அல்ல, வைத்தியங்கள். கருஞ்சீரக எண்ணெயை மூக்கில் விடச் சொன்னாள் ஒருத்தி. வெங்காயத்தை நறுக்கித் தலைமாட்டில் வைக்கச் சொன்னாள் இன்னொருத்தி. அன்று எங்கள் அறையில் வெங்காயம் அடைத்து வாத்து சமைத்த வாடை வீசியது. மல்லாந்து படுக்காமல் இருந்தால் போதும் என்று யாரோ சொல்ல, மயாதா ஒரு டென்னிஸ் பந்தை அம்மாவின் இரவு அங்கியின் முதுகில் பை வைத்துத் தைத்தாள். மறுநாள் காலையில் பந்து முன்பக்கத்தில் இருந்தது. அங்கியையே திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள்.

"என்னம்மா இது?"

"முதுகை உறுத்துச்சு. இப்போ உங்கப்பாவுக்கு மூணு கெடைச்சிருக்கு, வேண்டாம்னா சொல்லப் போறாரு?"

மயாதா காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

டாக்டர் நிவீன் இளம் பெண். அதிகம் சிரிக்காதவர். இன்ஷிராஹின் கழுத்தை நாடாவால் அளந்தார், வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறகு மன்சூரா நகர மருத்துவமனையில் ஓர் இரவு தங்க வைத்துத் தலையிலும் நெஞ்சிலும் விரலிலும் கம்பிகளை ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். "கல்யாணப் பந்தலுக்கு விளக்கு கட்டற மாதிரி கட்டினாங்க, எரியத்தான் இல்ல" என்று சொல்லிக்கொண்டு வந்தாள். முடிவைப் பார்த்த டாக்டர், இவளுக்கு மணிக்கு எத்தனையோ தடவை மூச்சு நிற்கிறது, இந்த நோயில் இது கடுமையான வகை, இரத்த அழுத்தம் ஏறுவதும் பகலில் தூங்கி விழுவதும் இதனால்தான் என்றார். இப்படியே விட்டால் இதயத்துக்கு நல்லதில்லை என்றும் சொன்னார். பக்கத்தில் படுத்து நான் காத்திருந்த இரவுகள் எல்லாம் என் முன்னால் வந்து நின்றன. இன்ஷிராஹோ வேறு கேள்வி கேட்டாள்.

"டாக்டரம்மா, இதை ஒரு தாள்ல எழுதித் தருவீங்களா?"

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நான் ஹாஜியாரின் பட்டறைக்குப் போனேன். அதுதான் தவறு. இரண்டுக்கும் ஒரே சொல் என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மரத்தூள் பறக்கும் பட்டறையில், வேலையாட்கள் எல்லார் காதிலும் விழும்படி படித்தார். "...இன்னாருடைய மனைவி... உறக்கத்தில்... கடுமையான ஷக்ரா..." கண்ணாடியைக் கழற்றினார். "சரியாத்தான் எழுதியிருக்காங்க. படிச்ச டாக்டரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க, உங்க வீட்டம்மா ராவெல்லாம் ஷக்ரா பண்றாங்கன்னு."

இழைப்புளிகள் நின்றன. யாரோ ஒருவன் பசைச் சட்டிக்குப் பின்னால் குனிந்துகொண்டான். அவன் தோள் குலுங்கியது.

"ஹாஜியார், இங்கே அந்த வினை குறட்டைங்கிற பொருள்ல..."

"இலக்கணத்தை உங்க வகுப்புல வச்சுக்குங்க உஸ்தாத். ஊர்ல பாதிப் பேரு கேட்டாங்க, பொம்பளை உங்களை என்ன பண்ணினான்னு. தாளைக் காட்டியா நான் பதில் சொல்லுவேன்?"

"வேற என்ன செஞ்சா நம்புவீங்க?"

"என் காதால கேக்கணும். அவங்க தூங்கும்போது. நடிப்பா நெசமான்னு எனக்குத் தெரியும். மரத்தைத் தட்டிப் பாத்தே உள்ளே பூச்சி இருக்கான்னு சொல்றவன் நான்."

வீட்டுக்கு வந்து சொன்னேன். மயாதா தலையில் கை வைத்தாள். இன்ஷிராஹ் மட்டும் சந்தோஷமாகக் கை தட்டினாள்.

"வரட்டும். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்க. நான் உள் அறையில படுத்துக்கறேன், கதவு திறந்திருக்கட்டும், திரை போட்டிருக்கட்டும். என்னைப் பாக்க வேண்டாம், கேட்டாப் போதும்."

"உடனே வைத்தியம் ஆரம்பிச்சிடணும்னு டாக்டர் சொன்னாங்களேம்மா."

"வைத்தியம் பாத்துக் குணமாயிட்டா அவர் எதைக் கேப்பாரு? உன் கல்யாணத்தையும் சேத்துக் குணமாக்கிடுவாங்க."

அதனால்தான் டாக்டர் நிவீனின் அறையில் நடந்த அந்தப் பேச்சு வேறெந்த நோயாளியும் பேசாத பேச்சாக ஆனது. டாக்டர் ஒவ்வொரு வழியாக எடுத்து வைக்க, இன்ஷிராஹ் ஒவ்வொன்றையும் ஒரே தராசில் நிறுத்தாள்.

"அறுவை சிகிச்சை ஒண்ணு இருக்கு. தொண்டையில பின்னால தொங்குற சதையைக் கொஞ்சம் எடுப்போம். சில வாரம் விழுங்கும்போது நல்லா வலிக்கும். சிலருக்கு நல்ல பலன், சிலருக்குப் பாதி, சிலருக்குக் கொஞ்ச வருஷம் கழிச்சுத் திரும்ப வந்துடும்."

"சத்தம் போயிட்டா, நமக்கு வேணும்கிறப்போ வரவழைக்க முடியுமா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "சத்தம் போகுமான்னுதான் எல்லாரும் கேப்பாங்க. திரும்ப வருமான்னு கேக்கறது நீங்கதான் முதல் ஆள்."

"சாட்சியையே வெட்டிக் குப்பையில போட்டுட்டா வழக்கு என்ன ஆகும்? அடுத்தது சொல்லுங்க."

"கீழ்த்தாடையைக் கொஞ்சம் முன்னால தள்ளிப் பிடிக்கிற மாதிரி பல்லுல மாட்டுற கருவி. லேசான நோய்க்கும் நடுத்தர நோய்க்கும் நல்லா உதவும். சிலருக்குத் தாடை வலிக்கும்."

இன்ஷிராஹ் வாய்க்குள் விரலை விட்டுக் கீழ்ப்பல் செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "எதுல மாட்டுவீங்க?"

"அம்மா!" என்றாள் மயாதா.

"சரி, அது உங்களுக்கு ஆகாது" என்றார் டாக்டர். முதல்முறையாக அவர் உதடு லேசாக அசைந்தது. "வெளிநாட்டுல இன்னொண்ணு செய்யறாங்க. நெஞ்சுத் தோலுக்கு அடியில ஒரு சின்ன பேட்டரி வச்சு, தூங்கும்போது நாக்கு நரம்புக்கு மின்சாரம் குடுப்பாங்க. நாக்கு பின்னால சரியாம இருக்கும்."

"என் நாக்குக்கு மின்சாரம் வேற வேணுமா? உஸ்தாத், வாயைத் திறந்து சொல்லுங்களேன்."

நான் வாயைத் திறக்கவில்லை.

"எடையைக் குறைக்கணும். அது எல்லா வைத்தியத்துக்கும் துணை. ஆனா மாசக்கணக்கா ஆகும், அது ஒண்ணே போதும்னும் சொல்ல முடியாது. ஒருக்களிச்சுப் படுக்கறதும் நல்லதுதான், உங்க அளவுக்கு அது மட்டும் பத்தாது."

"பந்தைப் பத்தி நாங்க வீட்டுல பேசிட்டோம். அப்புறம்?"

டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியையும் வளைந்த குழாயையும் மூக்கை மூடும் ஒரு ரப்பர் மூடியையும் எடுத்து வைத்தார். "உங்களுக்கு நான் சொல்றது இதுதான். மருந்து ஒண்ணும் இதுல இல்ல, அறையில இருக்கிற காத்துதான். அதைக் கொஞ்சம் அழுத்தி அனுப்பும். தொண்டை மூடிக்காம காத்தே முட்டுக் குடுக்கும். போட்ட அன்னிக்கே வேலை செய்யும். ஆனா தினமும் தூங்கும்போது போடணும். மூக்கு காயும், மூடி அழுத்தும், தூக்கத்துல பிடுங்கி எறியத் தோணும். நிறைய பேர் கொஞ்ச நாள்ல கட்டிலுக்கு அடியில தள்ளிடுவாங்க."

"கழட்டினா?"

"கழட்டினா பழையபடிதான்."

"அதே சத்தம்?"

"அதே சத்தம்."

இன்ஷிராஹ் பல் செட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "இதுதான் என் வைத்தியம். விளக்கு மாதிரி, போட்டா எரியும், அணைச்சா அணையும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "உங்க வீட்டம்மா சரியான வைத்தியத்தைத் தப்பான காரணத்துக்காகத் தேர்ந்தெடுக்கறாங்க. பரவாயில்ல. அந்த ஒரு மதியம் மட்டும் கழட்டிக்கட்டும். அதுக்கப்புறம் கழட்டினாங்கன்னு கேள்விப்பட்டா நான் வீட்டுக்கே வந்துடுவேன்."

பெட்டியை வாடகைக்கு எடுத்து வந்தோம். முதல் சில நாட்கள் அந்த மூடியோடு அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. வாயைத் திறந்து பேசினால் காற்றெல்லாம் வாய்வழியே பீறிட்டு வரும். என்னைத் திட்ட வேண்டுமானால் மூடியைக் கழற்றித்தான் திட்ட வேண்டும் என்பது அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது. ஆனால் பழகிக்கொண்டாள். நான் வழக்கம்போல் காத்திருந்தேன், காத்திருக்க ஒன்றுமில்லை என்று கண்டுகொண்டு நானும் தூங்கினேன். தபால் நிலையத்தில் முத்திரைகள் மளமளவென்று விழத் தொடங்கின. வரிசையில் அரட்டை அடிக்க நேரமில்லை என்று கிழவர்கள் குறைப்பட்டார்கள்.

வெங்காயம் அடைத்த வாத்துகளோடு ஹாஜியாருக்கு விருந்து வைத்த வெள்ளிக்கிழமை மதியம்தான் அவள் குணமானதில் உள்ள ஆபத்து எங்களுக்குப் புரிந்தது. இன்ஷிராஹ் நன்றாகச் சாப்பிட்டாள். மூடி இல்லாமல் உள் அறையில் போய் மல்லாந்து படுத்தாள். திரை விழுந்தது. வரவேற்பறையில் ஹாஜியார், ஃபவ்கிய்யா, ஹைஸம், மயாதா, நான். தேநீர் வந்தது. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஒன்றும் வரவில்லை.

தேநீர் தீர்ந்தது. ஹாஜியார் மணிமாலையை உருட்டினார். திரைக்கு உள்ளேயிருந்து இன்ஷிராஹின் குரல் கேட்டது.

"ஹாஜியார், மன்னிச்சுக்குங்க. தூக்கம் வரல. இந்தப் பெட்டி வந்ததிலேர்ந்து ராத்திரியே வயிறு முட்டத் தூங்கிடறேன். இன்னொரு டீ குடிங்க."

ஹாஜியார் என் பக்கம் திரும்பி, "ஆரம்பிச்சிட்டாங்க பாருங்க" என்றார். மயாதா இன்னொரு டீ போடக் காலித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஹைஸம் எழுந்து அதை வாங்கிக்கொண்டான். அந்த இரண்டு பேர் வாழ்க்கையும் ஒரு குறட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அது வந்தாக வேண்டும்.

மறுபடியும் குரல். "ஹாஜியார், நாற்காலிக்குத் தங்கமுலாம் எப்படிப் பூசறீங்கன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்."

தொழிலைப் பற்றிக் கேட்டால் ஹாஜியாரால் சும்மா இருக்க முடியாது. முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினார். எந்த மரம், அதை எங்கே காயவைப்பது, பசையில் எதைக் கலப்பது, தன் தகப்பனார் எப்படிக் கலந்தார், அந்தக் காலத்துப் பசை ஏன் இப்போது வராது... அவர் இரண்டாவது பூச்சுக்கு வருவதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து மெல்லிய உரசல் ஒன்று கிளம்பியது.

ஹாஜியார் நிறுத்தினார். அவமானமா வெற்றியா என்று தெரியாத முகத்தோடு காதைச் சாய்த்தார். உரசல் குறட்டையானது. குறட்டை ஓங்கியது. கண்ணாடி அலமாரியில் கிண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டுப் பேசின.

"இதுவா? இப்படி யாரும் பண்ணலாம். நான்கூடப் பண்ணுவேன்" என்றார்.

அதே நேரத்தில் அது நின்றது.

கத்தரித்தாற்போல். தெருவில் ஒரு வண்டிக்காரன் தக்காளி விற்றுக்கொண்டு போனது கேட்டது. உள்ளிருந்து ஒன்றும் கேட்கவில்லை. ஹாஜியாரின் மணிமாலை விரலிடுக்கில் நின்றது.

"எழுந்துட்டாங்களா?" என்றாள் ஃபவ்கிய்யா.

"இல்ல. இதுதான் அந்த நோய்" என்றேன். "மூச்சு நின்னிருக்கு."

"நின்னிருக்குன்னா?"

"நின்னிருக்குன்னா நின்னிருக்கு."

ஹாஜியார் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். "என்ன உஸ்தாத், சும்மா உக்காந்திருக்கீங்க! போய் எழுப்புங்க!"

"வரும் ஹாஜியார்."

"எப்போ வரும்?"

"வரும்."

தக்காளிக்காரன் தெருமுனை திரும்பிவிட்டான். இன்னும் வரவில்லை. ஹாஜியார் எழுந்தே நின்றுவிட்டார். திரையை விலக்குவது மரியாதையல்ல. சும்மா நிற்கவும் முடியவில்லை. பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு முன்னாலும் பின்னாலும் நடந்தார். அவர் நெற்றியில் வேர்வை. "யா ரப்பே... ஏம்மா, விடும்மா. மூச்சை விடும்மா" என்றார் திரையைப் பார்த்து. பிறகு குரல் உடைந்து, தெருவே கேட்கும்படி கத்தினார்: "ஷக்ரா பண்ணும்மா! உனக்குப் புண்ணியமாப் போகும், ஒரு ஷக்ரா பண்ணும்மா!"

வந்தது. மூக்கும் தொண்டையும் வீடும் சேர்ந்து கிழிவதுபோல், நேராக ஹாஜியாரின் முகத்தில்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஹாஜியார் நாற்காலியில் விழுந்தார். எகிப்தின் வரலாற்றில் ஷக்ரா வாங்கிக்கொண்டு இறைவனுக்கு நன்றி சொன்ன முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். ஃபவ்கிய்யா அழுதுகொண்டே சிரித்தாள். ஹைஸம் முகத்தைத் தட்டால் மறைத்துக்கொண்டான்.

"அந்தப் பெட்டி எங்கே? முதல்ல அதை மாட்டுங்க" என்றார் ஹாஜியார். மயாதா உள்ளே போய் மூடியை மாட்டினாள். பெட்டி மெல்ல இரைந்தது. அதற்கப்புறம் கேட்டது சீரான மூச்சு மட்டும்தான், ராஸுல் பர் கடற்கரையில் கடல் அமைதியாக இருக்கும் நாளில் கேட்பதுபோல. ஹாஜியார் நீண்ட நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இன்ஷிராஹ் எழுந்து, தலைத்துணியைச் சரிசெய்து வெளியே வந்ததும், அவர் தம் இரு உள்ளங்கைகளையும் விரித்தார். நாங்களும் விரித்தோம். ஃபாத்திஹா ஓதினோம். வயதைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரிய மனதைப் பற்றியும் பேசவில்லை.

அவர்கள் போனபிறகு அடுப்படியில் அவள் தட்டு கழுவ, நான் துடைத்தேன்.

"இன்ஷிராஹ்."

"ம்."

"இன்னிக்கு அந்தச் சத்தத்துக்கு முன்னால மூச்சு நின்னுச்சு."

"அப்படித்தானே டாக்டர் சொன்னாங்க."

"எப்பவும் நிக்கும். எத்தனை வருஷமா பக்கத்துல படுத்துக் கேக்கறேன். குறட்டை, அப்புறம் மௌனம், அப்புறம்தான் அது. அன்னிக்கு ஃபாத்திஹா ஓத வந்தப்போ குறட்டையும் இல்ல, மௌனமும் இல்ல. நேரா வந்துச்சு."

அவள் வாத்துச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தோள்கள் மட்டும் லேசாகக் குலுங்கத் தொடங்கின.

"அப்படியே தூங்கிப் போற நேரம்தான் உஸ்தாத்" என்றாள். "கண்ணு மூடியாச்சு. அப்போதான் அந்த ஆள், வேற யாரும் வாசப்படி ஏறலைன்னாரு. என் பொண்ணைப் பத்தி. நான் என்ன பண்ணட்டும்? அதுவா வந்துடுச்சு."

"அதுவாவா?"

"கொஞ்சம் நானும் தள்ளிவிட்டேன்."

சட்டியை என்னிடம் நீட்டினாள். "அன்னிக்கே தெரிஞ்சிருந்தும் சாட்சி சொன்னீங்க பாருங்க, அந்த மனசுக்காகத்தான் இத்தனை வருஷமா உங்க இலக்கணத்தைப் பொறுத்துக்கிட்டேன்."

அதற்குப் பிறகு அவள் பல வருடம் வாழ்ந்தாள். மூடியை ஒருநாளும் கட்டிலுக்கு அடியில் தள்ளவில்லை. பேரப்பிள்ளைகள் அவளை யானை என்று கூப்பிட்டார்கள். குழாயைப் பிடித்துக்கொண்டு பிளிறிக் காட்டுவாள். கடைசியில் அவளைக் கொண்டுபோனது மூச்சு அல்ல, சிறுநீரகத்தில் வந்த வேறொரு நோய். மருத்துவமனையிலும் பெட்டியைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டாள். ஒரு விடியற்காலையில் பெட்டி தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தது. நான் பழக்கதோஷத்தில் காத்திருந்தேன்.

துக்கம் விசாரிக்கத் தெருவில் பந்தல் போட்டார்கள். காரி குர்ஆன் ஓதினார். எங்கள் பக்கத்துக் காரிகள் ஒரு வசனத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நீளமாக நிறுத்துவார்கள். கூட்டம் முழுக்க அசையாமல் இருக்கும். தர்தீர் ஹாஜியார் தடியை ஊன்றி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரொம்பவும் முதிர்ந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். காரி ஒரு வசனத்தை முடித்து நிறுத்தியபோது என் காதருகே குனிந்தார்.

"உஸ்தாத், முதல் நாள் அவங்க தூங்கல. எனக்குத் தெரியும்."

நான் அவரைப் பார்த்தேன்.

"தூங்கறவங்க குறி பாத்து அடிக்க மாட்டாங்க. நான் பேசின பேச்சுல எந்த வார்த்தைக்கு அடி விழணுமோ, சரியா அங்கேதான் விழுந்துச்சு."

"அப்புறம் எதுக்கு ஃபாத்திஹா ஓதினீங்க?"

"ரெண்டாவது தடவை நான் எழுந்து நின்னு கெஞ்சினேனே. கெஞ்சிக் கேட்டு வாங்கினதுக்கு எப்படிக் கோவிச்சுக்கறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் போனதிலிருந்து வராதது அப்போதா வர வேண்டும். வாயை மூடினேன். மூக்கை மூடக் கைக்குட்டையைத் தேடினேன். கிடைப்பதற்குள் அடக்கிய சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. காரி நிறுத்திய அந்த நிசப்தத்தில், நீளமாக, ஈரமாக, முடிவில் ஒரு சுழிப்போடு.

பந்தல் முழுக்கத் திரும்பியது. மைக்கைப் பிடித்தபடி காரியும் திரும்பினார்.

ஹாஜியார் தடியைத் தட்டினார். "தூங்கிட்டாரு பாவம்" என்றார் உரத்த குரலில். "எத்தனை நாளா கண்ணு மூடலையோ. ஓதுங்க சேக், நீங்க ஓதுங்க."

நான் தலையைத் தொங்கவிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டேன்.